லேட் என்றால் தாமதம் மட்டும்தானா? ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லுக்கு முழுமையான வழிகாட்டி

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் கடை என்னுடையது. பத்துக்குப் பத்து அறை. அதில் உட்கார்ந்து நான் அதிகம் தட்டிய ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால், 'நேம்', 'அட்ரஸ்' இரண்டுக்கும் அடுத்து 'லேட்' என்றுதான் சொல்வேன். அதிகம் தப்பாகத் தட்டியதும் அதைத்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன் பாலிடெக்னிக் விண்ணப்பம் போட வந்தான். தந்தை பெயர் என்ற கட்டத்துக்கு அவன் எழுதிவந்த தாளில் 'லேட் முனியப்பன்' என்று இருந்தது. பெயரை மாற்றித்தான் சொல்கிறேன், மற்றதெல்லாம் நடந்தது. நான் இருந்ததை இருந்தபடி அடித்துவிட்டேன். தந்தை பெயரின் முதல் எழுத்தே இனிஷியல் என்று பின்னால் யாரோ எடுத்துக்கொள்ள, 'எம்' என்று வரவேண்டியது 'எல்' என்று வந்தது. அடையாள அட்டை வரைக்கும் 'எல்' தான். திருத்துவதற்குள் பையன் நாலு தடவை அலைந்தான். "அப்பா பேர்லயே லேட்டுன்னு போட்டுட்டீங்களேண்ணா, அப்புறம் எல்லாமே லேட்டாத்தானே ஆகும்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் இந்தச் சொல்லை வைத்துக் கடைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். இங்கே எழுதியிருப்பது அதைத்தான், கொஞ்சம் விரிவாக.

முதல் படி: எதைவிட லேட் என்று கேளுங்கள்

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'மெதுவான', 'மந்தமான' என்று பொருள். கடிகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மெதுவாக நடக்கிறவன் பிந்தித்தானே வருவான். அதனால் 'பிந்திய' என்ற பொருள் வந்தது. பிந்திய காலம் என்றால் நமக்குப் பக்கத்தில் இருக்கும் காலம். அதனால் 'அண்மையில்' என்ற பொருளும் சேர்ந்தது. அண்மைக்காலம் வரை நம்மோடு இருந்து இப்போது இல்லாதவரைக் குறிக்கும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டில் வருகிறது. மந்தம், பிந்தல், அண்மை, மறைவு. நாலும் ஒரே கயிற்றில் கட்டியவை.

டென்னிஸில் பந்து வலையில் உரசிப் போனால் 'லெட்' என்று சொல்லி மறுபடி போடச் சொல்கிறார்களே, அந்த 'லெட்' இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. 'தடுத்துத் தாமதப்படுத்து' என்பது அதன் பழைய பொருள்.

ஆகவே 'லேட்' என்று எங்கே பார்த்தாலும் 'எதைவிடப் பிந்தி?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பஸ் லேட் என்றால், கால அட்டவணையைவிடப் பிந்தி. லேட் ஈவ்னிங் என்றால், மாலையின் முன்பாதியைவிடப் பிந்தி. ஒப்பிடும் புள்ளி பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: சொல் எங்கே நிற்கிறது, பின்னால் யார் நிற்கிறார்கள்

முக்கியமான படி இதுதான். இங்கே அவசரப்பட வேண்டாம்.

'மை ஃபாதர் இஸ் லேட்' என்றால் அப்பா இன்னும் வந்து சேரவில்லை. 'மை லேட் ஃபாதர்' என்றால் அப்பா இனி வரமாட்டார். சொற்கள் அதேதான், இடம்தான் மாறியது. 'இஸ்', 'வாஸ்', 'ஆம்' போன்றவற்றுக்குப் பின்னால் நின்றால் தாமதம். ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் ஒட்டி நின்றால் மறைவு. ஓசூரில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போன பெண், "அப்பா என்ன செய்கிறார்?" என்ற கேள்விக்கு 'மை ஃபாதர் இஸ் லேட்' என்று சொல்லியிருக்கிறாள். எதிரே இருந்தவர், பரவாயில்லை, அவர் வரும்வரை காத்திருக்கலாம் என்றாராம். 'மை ஃபாதர் இஸ் நோ மோர்' அல்லது 'மை ஃபாதர் பாஸ்ட் அவே' என்று சொல்லியிருந்தால் அந்தச் சங்கடம் இல்லை. தென் ஆப்பிரிக்கா, போட்ஸ்வானா பக்கத்து ஆங்கிலத்தில் மட்டும் 'ஷி இஸ் லேட்' என்றால் இறந்துவிட்டார் என்றே பொருள். நம் பெண் அந்தப் பக்கம் போயிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது.

ஆனால் முன்னால் நின்றாலே மறைவு என்று எடுத்துக்கொண்டாலும் மாட்டிக்கொள்வீர்கள். பின்னால் வரும் சொல் எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஆளாக இருந்தால் மறைவு: லேட் ஹஸ்பண்ட், லேட் அங்கிள். நடக்கிற காரியமாக இருந்தால் பிந்தி நடந்தது: லேட் மேரேஜ், லேட் லஞ்ச், லேட் ரிப்ளை. காலமாக இருந்தால் அந்தக் காலத்தின் கடைசிப் பகுதி: லேட் ஈவ்னிங், லேட் மே. ஆளாக இருந்தும் விதிக்கு அடங்காத இரண்டு பேர் உண்டு. 'லேட்கமர்' என்பவர் பிந்தி வருகிறவர். 'லேட் ரைசர்' என்பவர் விடிந்து வெகுநேரம் கழித்து எழுகிறவர். செய்யும் செயலை வைத்து ஆளுக்குப் பெயர் வைத்திருப்பதால் இருவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் தினமும் பத்து மணிக்குத்தான் வருகிறார் என்று குறை சொல்ல நினைக்கும் அக்காமார்கள், 'மை லேட் ஹஸ்பண்ட்' என்று எழுதிவிட வேண்டாம். 'மை ஹஸ்பண்ட் இஸ் ஆல்வேஸ் லேட்' என்று எழுதுங்கள்.

தமிழிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. ஒருநாள் விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்த ஓர் அம்மாவிடம், நாசூக்காகக் கேட்பதாக நினைத்து, "வீட்டுக்காரர் லேட்டாம்மா?" என்றேன். "இல்ல சாமி, அவரு செத்து மூணு வருசம் ஆவுது" என்றார். நாசூக்கு என்னுடையது, தெளிவு அவருடையது. அன்றிலிருந்து "தவறிட்டாரா?" என்றுதான் கேட்கிறேன்.

விண்ணப்பத்தில் என்ன செய்வது? தந்தை பெயர் என்ற கட்டத்தில் பெயரை மட்டும் போடுங்கள். மறைந்தவர் என்பதற்கு வேறு கட்டம் இருந்தால் அதில் குறியுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கணினிக்கு மரியாதை தெரியாது. கட்டத்துக்குள் எது இருந்தாலும் அது பெயர் என்றே எடுத்துக்கொள்ளும். கடிதத்தில் எழுதும்போது 'சன் ஆஃப் தி லேட் முனியப்பன்' என்று எழுதலாம். 'தி' அல்லது 'மை' முன்னால் வருவதுதான் முறையான ஆங்கிலம். அப்புறம், 'லேட்' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கும் பழக்கம் நம்மூரில் அதிகம். 'மிஸ்டர்', 'டாக்டர்' போன்றவற்றைச் சுருக்கி எழுதிப் புள்ளி வைப்பதைப் பார்த்து வந்தது அது. 'லேட்' எதன் சுருக்கமும் இல்லை, புள்ளி வேண்டாம்.

மறைந்தவர் எல்லோருக்கும் லேட் போடலாமா? கூடாது. 'அண்மை வரை இருந்தவர்' என்ற பழைய பொருள் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடம் என்று கறாரான கணக்கு கிடையாது. அவரை நேரில் அறிந்தவர்கள் இன்னும் இருக்கும் காலம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுப்பிரமணிய சிவா நம் பாப்பாரப்பட்டியில் காலமானது 1925இல். அவரை இன்று 'தி லேட் சுப்பிரமணிய சிவா' என்று எழுதினால் விநோதமாக இருக்கும், வெறும் பெயரே போதும். தகடூரை ஆண்ட அதியமானுக்கு லேட் போட்டால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், புரிந்துவிடும்.

இன்னொன்று. உயிரோடு இருந்தபோது ஒருவர் செய்த காரியத்தைச் சொல்லும்போது லேட் தேவையில்லை. 'மறைந்த எம்.எல்.ஏ. பாலத்தைத் திறந்து வைத்தார்' என்று எழுதினால், ஆவி வந்து ரிப்பன் வெட்டியதுபோல ஆகிவிடும். ஆங்கிலத்திலும் அதே கதைதான்.

லேட்டையும் ஃபார்மரையும் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. பதவியை விட்டவர் ஃபார்மர், உலகை விட்டவர் லேட். உயிரோடு இருக்கும் முன்னாள் ஊராட்சித் தலைவரை 'லேட் பிரசிடென்ட்' என்று நோட்டீஸில் அடித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அச்சகக்காரரை எனக்குத் தெரியும். தமிழ் எழுத்தில் முன்னாளுக்கும் ஃபார்மர், விவசாயிக்கும் ஃபார்மர் என்றே வரும், அது வேறு தலைவலி.

தமிழில் எழுதும்போது இடத்துக்கு ஒரு சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பத்திரத்தில் 'காலஞ்சென்ற', கல்யாண அழைப்பிதழில் 'தெய்வத்திரு', அஞ்சலிப் பலகையில் 'அமரர்', செய்தியில் 'மறைந்த'. இவ்வளவு இருக்கும்போது தமிழ்ப் பத்திரிகை அடித்து, தாத்தா பெயருக்கு முன்னால் மட்டும் 'லேட்' போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. கேட்டால் அடித்துத் தருவேன், மனசில்லாமல்தான்.

மூன்றாம் படி: காலத்தின் கடைசிப் பங்கு

ஒரு காலத்தை மூன்று கூறாகப் போடுங்கள். முதல் கூறு 'ஏர்லி', நடு 'மிட்', கடைசி 'லேட்'. இருபதுகளில் இருக்கும் ஒருவர் 20 முதல் 23 வரை 'ஏர்லி ட்வென்டீஸ்', 24 முதல் 26 வரை 'மிட் ட்வென்டீஸ்', 27க்கு மேல் 'லேட் ட்வென்டீஸ்'. பெண் பார்க்கும் தரகர்கள் 29ஐ 'மிட்' என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஆண்டுக்கும் அப்படியே. சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தது 1965 அக்டோபர் 2இல், அதை 'லேட் 1965' என்று சொல்லலாம். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9இல், அது 'ஏர்லி 2004'. இந்த இடத்தில் 'லேட்' என்பதற்குத் தாமதம் என்ற வாடையே இல்லை என்பதைக் கவனியுங்கள். மாவட்டம் யாரையும் காக்க வைத்துப் பிரிந்ததாக இதற்குப் பொருளில்லை.

மாங்காய்த் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். கிருஷ்ணகிரியில் செந்தூரா முன்னால் வந்துவிடும், நீலம் கடைசியில்தான் வரும். நீலத்தை ஆங்கிலத்தில் 'லேட் வெரைட்டி' என்பார்கள், தமிழில் பின்பருவ ரகம். அது தாமதமாகக் காய்க்கும் சோம்பேறி மரம் இல்லை. அதன் பருவமே அதுதான்.

தக்காளிக்காரர்களுக்கு வேறொரு லேட். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறவர்கள் மருந்துக் கடையில் 'ஏர்லி பிளைட்', 'லேட் பிளைட்' என்று கேட்டிருப்பார்கள். இரண்டும் வெவ்வேறு கருகல் நோய்கள். முதலாவது பயிரின் வாழ்நாளில் பொதுவாக முந்தித் தாக்கும், இரண்டாவது பிந்தி. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணமானது இந்த லேட் பிளைட்தான். எங்கள் உறவுக்காரர் ஒருவர் 'லேட்' என்று பெயரிலேயே இருக்கிறதே, காய் பிடித்த அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். குளிரும் ஈரமும் சேர்ந்த வாரம் அது, செடி சின்னதாக இருக்கும்போதே கருகிப்போனது. பெயரிலுள்ள லேட் ஒரு பொதுப் பழக்கத்தைச் சொல்கிறதே தவிர, அதற்கு முன்னால் வரமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கவில்லை.

கிரிக்கெட்டில் 'லேட் கட்' என்பதும் இந்தக் குடும்பம். பந்து கிட்டத்தட்ட ஆட்டக்காரரைக் கடந்துபோன பிறகு, கடைசி நொடியில் மட்டையால் தட்டி விடுவது. தாமதம் அங்கே திறமை.

நான்காம் படி: லேட்டும் லேட்லியும்

இதில் தப்பு செய்யாதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. 'ஸ்லோ' என்பதோடு 'லி' சேர்த்தால் 'ஸ்லோலி', 'மெதுவாக'. அதே கணக்கில் 'லேட்' கூட 'லி' சேர்த்தால் 'தாமதமாக' என்று வரும் என்று நினைத்து, 'ஹி கேம் லேட்லி' என்று எழுதுகிறார்கள். தப்பு. தாமதமாக வந்தான் என்பதற்கு 'ஹி கேம் லேட்' என்பதே சரி. 'தாமதமான', 'தாமதமாக' என்ற இரண்டு வேலையையும் 'லேட்' தனியாகவே பார்க்கும்.

'லேட்லி' என்றால் 'சமீப நாட்களாக'. 'ஐ ஹாவ் பீன் பிஸி லேட்லி', 'கொஞ்ச நாளாக வேலை அதிகம்'. நேற்று ஒரே ஒரு முறை நடந்ததற்கு இது ஒத்துவராது, அதற்கு 'ரீசன்ட்லி'. 'கொஞ்ச நாளாகவே' என்று தமிழில் சொல்ல வருகிறதா என்று பாருங்கள், வந்தால் 'லேட்லி' போடலாம். 'ஆஃப் லேட்' என்பதற்கும் அதே பொருள்தான், கொஞ்சம் வேட்டி கட்டிய மாதிரி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்தாம் படி: லேட்டர், லாட்டர், லேட்டஸ்ட், லாஸ்ட்

ஒரு தாய்க்கு இரண்டு ஜோடிப் பிள்ளைகள். புது ஜோடி லேட்டர், லேட்டஸ்ட். பழைய ஜோடி லாட்டர், லாஸ்ட். ஒரே சொல்லிலிருந்து பிறந்தவைதான். காலப்போக்கில் வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டன.

லேட்டர் காலத்துக்கு: 'கால் மி லேட்டர்', அப்புறம் கூப்பிடு. லாட்டர் வரிசைக்கு: இரண்டைச் சொல்லிவிட்டு இரண்டாவதாகச் சொன்னதைச் சுட்டுவது. 'அரூருக்கும் பாலக்கோட்டுக்கும் போனேன், லாட்டரில் மழை' என்றால் பாலக்கோட்டில் மழை. மூன்று ஊர் சொன்னால் லாட்டர் வராது, லாஸ்ட் வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது லேட்டருக்கு ஒரு 'டி', லாட்டருக்கு இரண்டு 'டி'. அதை மாற்றினால் பொருளும் மாறிவிடும். கடிதத்தைக் குறிக்கும் லெட்டரையும் சேர்த்தால் மூன்று பேரும் பள்ளிப் பிள்ளைகளை நன்றாகவே ஓட்டுவார்கள்.

லேட்டஸ்ட், லாஸ்ட் இரண்டையும் பிரிக்க நம்மூர் மனிதர் ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். ராஜாஜி பிறந்தது ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில். அவர் இந்தியாவின் 'லாஸ்ட்' கவர்னர் ஜெனரல். 1950இல் குடியரசானதும் அந்தப் பதவியே போய்விட்டது, அவருக்குப் பின் யாரும் வரப்போவதில்லை. அவரை 'லேட்டஸ்ட்' கவர்னர் ஜெனரல் என்றால், அடுத்தவர் வரிசையில் நிற்கிறார் என்று ஆகிவிடும். லேட்டஸ்ட் என்பது இதுவரை வந்தவற்றில் புதியது, கதவு திறந்தே இருக்கிறது. லாஸ்ட் என்றால் கதவைச் சாத்தியாகிவிட்டது. போன் வாங்கப் போனால் 'லேட்டஸ்ட் மாடல்' கேளுங்கள். 'லாஸ்ட் மாடல்' என்று கேட்டால், கம்பெனியை மூடப்போகிறார்களா என்று கடைக்காரர் பயந்துவிடுவார்.

ராஜாஜியை வைத்தே மூன்றாம் படியையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். பிறந்தது 1878 டிசம்பர், மறைந்தது 1972 டிசம்பர், இரண்டுமே ஆண்டின் 'லேட்' பகுதி. மறையும்போது வயது 94, ஆகவே 'மிட் நைன்டீஸ்'. சுதந்திராக் கட்சியை 1959இல், எண்பது வயதில் தொடங்கினார், அதற்கு 'லேட் இன் லைஃப்'. ஒரு மனிதரிடமே இத்தனை லேட் கிடைக்கிறது.

'அட் தி லேட்டஸ்ட்' என்ற தொடர் மட்டும் தனி. புதியது என்ற பொருள் அதில் இல்லை. 'மிஞ்சிப்போனால்', 'அதற்கு மேல் போகக்கூடாது' என்று கெடு வைப்பது. நம் அலுவலகங்களில் 'லேட்டஸ்ட் பை ஃபைவ்' என்று எழுதும் வழக்கம் உண்டு. இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டுக்கு எழுதினால் 'பை ஃபைவ் அட் தி லேட்டஸ்ட்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: லேட்டின் சொந்தக்காரர்கள்

'டிலே' என்பது காரணத்தோடு வரும் தாமதம். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் சேலம் பஸ்ஸுக்கு ஏற்படுவது டிலே. அதனால் தர்மபுரி வந்து சேரும்போது பஸ் லேட். எது தடுத்ததோ அது டிலே செய்தது, எது பிந்தியதோ அது லேட் ஆனது. இன்னொரு வித்தியாசமும் உண்டு: டிலேயைப் பெயர்ச்சொல்லாக வைக்கலாம், லேட்டை வைக்க முடியாது. 'ஸாரி ஃபார் தி லேட்' என்று தினமும் பத்து மெயிலிலாவது பார்க்கிறேன். 'ஸாரி ஃபார் தி டிலே' என்றோ, 'ஸாரி ஐ ஆம் லேட்' என்றோ இருக்கவேண்டும்.

பிறப்புச் சான்றிதழ் வாங்க வருகிறவர்களுக்கு இரண்டும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் 'டிலேய்டு ரெஜிஸ்ட்ரேஷன்'. 30 நாளுக்குள் என்றால் 'லேட் ஃபீ' என்ற தாமதக் கட்டணம் கட்டினால் போதும். அதற்கு மேல் ஒரு வருடம் வரை அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும், ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு. மலைக்கிராமத்திலிருந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வருடம் வந்து கேட்கிறவர்கள் இந்தக் கடைசி வகையில்தான் மாட்டுகிறார்கள். இதில் இலக்கணத்தைவிட நாளெண்ணிக்கை முக்கியம்.

'ஓவர்டியூ' என்ற சொல்லைத் தர்மபுரிப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989இல் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது, தவணை தவறினால் 'ஓவர்டியூ ஆகிடுச்சு' என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்வார். கெடு தாண்டியும் இன்னும் தீராமல் நிற்பது ஓவர்டியூ. கட்டி முடித்துவிட்டால் அது ஓவர்டியூ இல்லை, 'லேட் பேமென்ட்'. ரொம்ப நாளாக நடந்திருக்க வேண்டியது நடக்காமல் இருந்தால் 'லாங் ஓவர்டியூ'. மொரப்பூர்–தர்மபுரி ரயில் பாதையை 1941இல் பிடுங்கினார்கள், திரும்பப் போடச் சொல்லி மூன்று தலைமுறை கேட்டாயிற்று. அகராதியில் லாங் ஓவர்டியூவுக்குப் படம் போட வேண்டுமானால் அதைப் போடலாம்.

'பிலேட்டட்' வாழ்த்துக்கும் வருமான வரிக்கும். பிறந்தநாளை மறந்துவிட்டு மறுநாள் அனுப்பும்போது 'பிலேட்டட் பர்த்டே' என்கிறோம். நியாயப்படி பிறந்தநாள் பிந்தவில்லை, வாழ்த்துதான் பிந்தியது, ஆகவே 'பிலேட்டட் விஷஸ்' என்பது இன்னும் பொருத்தம். இதற்காக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வரிக்கணக்கில் சண்டைக்கு வருவார்கள்: கெடு தாண்டி டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்வது 'பிலேட்டட் ரிட்டர்ன்', அதற்கு 5,000 ரூபாய் வரை லேட் ஃபீ உண்டு.

ஏழாம் படி: தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் வழுக்கும் இடங்கள்

'லேட்டாயிடுச்சு' என்று தமிழில் சொல்கிறோம். யாருக்கு லேட் என்று அதில் இல்லை. அதை அப்படியே தூக்கிப்போய் 'ஐ காட் லேட்' என்கிறோம். நேரம் ஓடிவிட்டது என்றால் 'இட் காட் லேட்', நான் பிந்திவிட்டேன் என்றால் 'ஐ ஆம் லேட்', வழியில் இருக்கிறேன் ஆனால் பிந்துவேன் என்றால் 'ஐ ஆம் ரன்னிங் லேட்'. மூன்றாவதுதான் போனில் அதிகம் பயன்படும். தர்மபுரி ஸ்டேஷனில் ரயிலுக்கும் அதையே சொல்கிறார்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது, அங்கே அந்தக் கவலை இல்லை.

'நைட் லேட்டா வந்தேன்' என்பதை 'நைட் லேட்' என்று எழுதாதீர்கள், 'லேட் அட் நைட்'. வேலைக்குப் பிந்தினால் 'லேட் ஃபார் ஒர்க்' என்பதே வழக்கம். நம்மூரில் 'லேட் டு ஆஃபீஸ்' என்று சொல்வது காதுக்குப் பழகிவிட்டது, தேர்வில் மட்டும் ஜாக்கிரதை. 'லேட் பை டென் மினிட்ஸ்' தப்பில்லை, ஆனால் 'டென் மினிட்ஸ் லேட்' சுருக்கம். 'ஒய் லேட்?' என்று மேலாளர் கேட்டால் அது ஆங்கிலம் இல்லை, 'ஏன் லேட்டு?' என்பதற்கு மேல்சட்டை போட்டது. இருந்தாலும் அந்த நேரத்தில் அவரைத் திருத்த வேண்டாம். ஓசூர் கம்பெனிகளில் மூன்று லேட்டுக்கு அரைநாள் வெட்டும் இடங்கள் உண்டு.

பெண் ஒருத்தி 'ஐ ஆம் லேட்' என்று டாக்டரிடம் சொன்னால் மருத்துவமனைக்குப் பிந்தி வந்ததைச் சொல்லவில்லை. 'நாள் தள்ளிப்போயிருக்கு' என்று நாம் சொல்வதைத்தான் சொல்கிறாள்.

அப்புறம் வேஷம் போட்டு வருகிறவர்கள் சிலர். டிப்ளமோ முடித்துவிட்டு இன்ஜினீயரிங் இரண்டாம் வருடத்தில் சேர்வதற்கு 'லேட்டரல் என்ட்ரி' என்று பெயர். ஒரு வருடம் லேட்டாகச் சேர்வதால் அந்தப் பெயர் என்று என் கடையில் சத்தியம் செய்த மாணவர்கள் உண்டு. இல்லை. அது 'பக்கம்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பக்கவாட்டுக் கதவு வழியே நுழைவது. இணையம் இழுக்கும்போது சொல்லும் 'லேட்டன்ஸி'யும் உறவில்லை, அது 'மறைந்திருப்பது' என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் சொல்.

எட்டாம் படி: இரண்டு லேட்டும் ஒரே நேரத்தில் வந்தால்

கூட வேலை பார்த்தவரின் அப்பா தவறிப்போய் இரண்டு மாதம் கழித்துத்தான் நமக்குத் தெரிகிறது. துக்கம் விசாரிக்க ஆங்கிலத்தில் எழுத வேண்டும். 'லேட் கண்டோலன்சஸ் ஃபார் யுவர் லேட் ஃபாதர்' என்று எழுதி ஒருவர் அச்செடுக்கக் கொண்டுவந்தார். இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வாசிக்கிறவருக்கு முதல் லேட்டில் நம் குற்றவுணர்வு தெரியும், இரண்டாவது லேட்டில் விண்ணப்பப் படிவம் ஞாபகம் வரும். இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன். 'ஐ ஹேவ் ஒன்லி ஜஸ்ட் ஹேர்ட் அபவுட் யுவர் ஃபாதர். ஐ ஆம் வெரி ஸாரி' என்று மட்டும் அடித்தோம். ஒரு தடவை படித்துப் பார்த்தார், ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டுத் தபால் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.